"வீ சென்ட்" என்றால் ஒன்று, "வீ வேர் சென்ட்" என்றால் வேறொன்றா? பேசிவ் வாய்ஸ் (செயப்பாட்டுவினை) புரியவே மாட்டேன் என்கிறது

வெண்ணாற்றங்கரை எழுதியது:

வணக்கம். நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு நவீன அரிசி ஆலையில் அலுவலக வேலை பார்க்கிறேன். தமிழ் வழியில் படித்து பி.காம். முடித்தவன். நெல் வரவு, அரிசி இருப்பு, லாரி வாடகை, பில் எல்லாம் என் கையில்தான். போன வருஷம் வரைக்கும் வியாபாரம் பெரும்பாலும் ஃபோனிலேயே முடிந்துவிடும். இப்போது பெங்களூரிலும் பாலக்காட்டிலும் புதிதாகச் சிலர் சரக்கு எடுக்கிறார்கள், அவர்களோடு எல்லாமே மெயிலில்தான், அதுவும் இங்கிலீஷில்.

போன மாதம் 26 கிலோ சிப்பம் 200 ஏற்றி அனுப்பினோம். இரண்டு நாள் கழித்து வந்த மெயிலில் ஒரு வரி, "வீ வேர் சென்ட் 180 பேக்ஸ்." நான் அதை "நாங்கள் 180 மூட்டை அனுப்பிவிட்டோம்" என்று படித்தேன். அரிசி பிடிக்காமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள் போல என்று முதலாளியிடம் போய் அப்படியே சொல்லிவிட்டேன். அவர் பதறிப்போய், லாரி வந்தால் இறக்க ஆள் வேண்டுமே என்று லோடுமேன் நாலு பேரைச் சாயங்காலம் வரைக்கும் போகவிடாமல் நிறுத்தி வைத்தார். லாரி வரவே இல்லை. கடைசியில் ஃபோன் போட்டுக் கேட்டால், அவர்களுக்குக் கிடைத்ததே 180 தான், 20 குறைகிறது என்பதைத்தான் எழுதியிருக்கிறார்கள். குடோனில் போய்ப் பார்த்தேன். அந்த 20 சிப்பமும் ஓரத்தில் தனி அட்டியாக அப்படியே கிடந்தன. அன்றைக்கு அந்த நாலு பேருக்கும் பாதி நாள் கூலி போனதை நினைத்தால் இன்னும் மனசு கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஆக்டிவ் வாய்ஸைப் பேசிவாக மாற்றச் சொன்னால் மாற்றிவிடுவேன், மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் மெயிலில் வந்தால் தெரியவில்லை. "சென்ட்" என்பதே இறந்தகாலம்தானே, அதற்கு முன்னால் "வேர்" எதற்கு? டேக் டுக் டேக்கன் என்று மனப்பாடம் செய்வதில் கடைசியாக வருகிற இந்த மூன்றாவது வடிவத்துக்கு பாஸ்ட் பார்ட்டிசிப்பிள் என்று பெயர், ஆனால் நாளைக்கு அனுப்பப்போகிற சரக்குக்கும் "வில் பி சென்ட்" என்று அதே வார்த்தை வருகிறது, நாளைக்கு எப்படி பாஸ்ட் ஆகும்? அப்புறம் "த லாரி வாஸ் ரீச்டு" என்று நான் இத்தனை நாளாக எழுதிக்கொண்டிருந்தது தப்பு என்று முதலாளியின் மகள் சொல்கிறார், ஏன் என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. பொறுமையாக யாராவது விளக்கினால் நன்றியோடு இருப்பேன்.


ஐயாறு டீச்சர் எழுதியது:

தம்பி, திருவையாறு பக்கத்துப் பள்ளிகளில் முப்பது வருஷத்துக்கு மேல் இங்கிலீஷ் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். உங்கள் மேல் தப்பில்லை, சொல்லிக்கொடுக்கிற முறையில் இருக்கிறது தப்பு. முன்னால் இருப்பதைப் பின்னால் போடு, பின்னால் இருப்பதை முன்னால் போடு, நடுவில் "பை" சேர் என்று கணக்கு மாதிரி சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். பிள்ளைகளுக்கு மாற்றத் தெரிகிறது, யார் எதற்காக அப்படிப் பேசுகிறார்கள் என்பது தெரியாமலே போய்விடுகிறது.

இன்னொன்று, பேசிவ் என்றதும் "அனுப்பப்பட்டது, திறக்கப்பட்டது" என்று தமிழில் அர்த்தம் சொல்லிக்கொடுக்கிறோம். வீட்டில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? அது ரேடியோச் செய்தியிலும் அரசாங்கக் கடிதத்திலும் வருகிற தமிழ். நம் வாயில் வருவது வேறு. ஜூன் 12 நெருங்கினால் டெல்டா முழுக்க ஒரே பேச்சுதான், "மேட்டூர்ல தண்ணி தொறந்துட்டாங்களா?" யார் திறந்தது என்று அந்தக் கேள்வியில் இல்லை, யாருக்கும் அது தேவையும் இல்லை, தண்ணீருக்கு என்ன ஆச்சு என்பதுதான் விஷயம். இங்கிலீஷ்காரர் அதே இடத்தில் "ஹேஸ் வாட்டர் பீன் ரிலீஸ்டு?" என்பார். "தண்ணி தொறந்தாச்சு" என்றால் "வாட்டர் ஹேஸ் பீன் ரிலீஸ்டு". "ஆபீஸ் பூட்டியிருக்கு" என்றால் "த ஆபீஸ் இஸ் லாக்டு". ஆக, நம்முடைய "ட்டாங்க"வும் "ஆச்சு"வும் "இருக்கு"வும்தான் பேசிவ் செய்கிற வேலையைத் தினமும் செய்துகொண்டிருக்கின்றன. பழைய இலக்கண உரைகளிலேயே "திண்ணை மெழுகிற்று" என்று ஓர் எடுத்துக்காட்டு உண்டு. திண்ணை தன்னைத்தானே மெழுகிக்கொள்ளாது, ஆனாலும் அப்படிச் சொல்வது வழக்கம்தான் என்று நம் இலக்கணம் ஏற்றுக்கொள்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

இப்போது அந்தப் பெயருக்கு வருகிறேன். பாஸ்ட் பார்ட்டிசிப்பிள் என்ற பெயரில் இருக்கிற "பாஸ்ட்"டை நம்பாதீர்கள். அதற்குக் காலமே கிடையாது. உங்கள் ஆலையிலேயே பாருங்கள், புழுங்கல் அரிசிக்கு என்ன எழுதுகிறீர்கள்? "பாயில்ட் ரைஸ்". குருணைக்கு? "புரோக்கன் ரைஸ்". பாயில்ட், புரோக்கன் இரண்டும் நீங்கள் கேட்கிற அந்த மூன்றாம் வடிவம்தான். நேற்று அரைத்தாலும் பாயில்ட் ரைஸ், அடுத்த வருஷம் அரைக்கப்போவதும் பாயில்ட் ரைஸ். அந்த அரிசிக்கு அவியல் ஆகியிருக்கிறது என்ற நிலையைத்தான் அந்தச் சொல் சொல்கிறது. எப்போது என்பதை அது சொல்வதில்லை. பச்சரிசிக்கு "ரா ரைஸ்" என்று போடுகிறோம், அங்கே நெல்லுக்கு அந்த வேலை நடக்கவில்லை, அதனால் மூன்றாம் வடிவமும் இல்லை. அதே மாதிரி அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கிற தண்ணீர் "பாயிலிங் வாட்டர்", காய்ச்சி ஆறவைத்துக் குடிப்பது "பாயில்ட் வாட்டர்". முதலாவதில் கைவிட்டால் வெந்துபோகும், இரண்டாவதைக் குழந்தைக்குக் கொடுக்கலாம். ஒரு வால் மாறினால் அவ்வளவு வித்தியாசம்.

அப்படியானால் காலத்தை யார் சொல்வது? முன்னால் நிற்கிற துணைச்சொல். தமிழில் "அனுப்பப்படுகிறது, அனுப்பப்பட்டது, அனுப்பப்படும்" என்பதில் "அனுப்ப" மாறவே இல்லை, பின்னால் இருக்கிற "படு" மட்டும்தான் காலத்தைத் தூக்கிக்கொண்டு போகிறது. இங்கிலீஷில் "இஸ் சென்ட், வாஸ் சென்ட், வில் பி சென்ட்". "சென்ட்" அப்படியே நிற்கிறது, இஸ், வாஸ், வில் பி என்று முன்னால் இருப்பது மாறுகிறது. மூட்டையை ஏற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்றால் "த பேக்ஸ் ஆர் பீயிங் லோடட்". ஏற்றி முடித்தாயிற்று என்றால் "ஹேவ் பீன் லோடட்". நாளைக்கு ஏன் பாஸ்ட் வருகிறது என்ற உங்கள் கேள்விக்கு இதுதான் பதில், அங்கே பாஸ்ட் வரவே இல்லை.

உங்களை ஏமாற்றிய வரிக்கு வருவோம். "சென்ட்" என்ற சொல்லுக்கு இறந்தகால வடிவமும் மூன்றாம் வடிவமும் ஒன்றே, அதனால் கண் ஏமாறுகிறது. "வீ சென்ட்" என்றால் நாங்கள் அனுப்பினோம். "வீ வேர் சென்ட்" என்றால் எங்களுக்கு அனுப்பினார்கள். இங்கே தமிழ் வேறு நம்மைத் தடுக்கிறது. "நான் கொடுக்கப்பட்டேன்" என்று நாம் சொல்லவே மாட்டோம், "எனக்குக் கொடுத்தாங்க" என்போம். பெற்றுக்கொண்டவருக்குத் தமிழில் எப்போதும் "கு" தேவை. இங்கிலீஷில் பெற்றுக்கொண்டவரையும் தூக்கி முதலில் உட்காரவைக்கலாம். "ஐ வாஸ் கிவன் எ ரிசீட்" என்றால் எனக்கு ரசீது கொடுத்தார்கள். "வீ வேர் டோல்ட்" என்றால் எங்களிடம் சொன்னார்கள். "ஷீ வாஸ் பெய்டு" என்றால் அவளுக்குச் சம்பளம் கொடுத்தாயிற்று. இனிமேல் மெயிலில் ஆளுக்குப் பின்னால் "வாஸ், வேர்" வந்து அதன்பின் இந்த வடிவம் வந்தால், உடனே மனசுக்குள் ஒரு "கு"வோ "இடம்"மோ "ஐ"யோ போட்டுப் படியுங்கள். எங்களுக்கு, எங்களிடம், எங்களை. மூன்றில் ஒன்று பொருந்திவிடும்.

"லாரி வாஸ் ரீச்டு" தப்பு, ஏனென்றால் லாரிதானே போய்ச் சேர்ந்தது, லாரிக்கு யாரும் எதுவும் செய்யவில்லை. செய்தது அதுவே என்றால் "த லாரி ரீச்டு பெங்களூர்", அவ்வளவுதான். தமிழ்ப் பாடத்தில் செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றா வினை என்று படித்திருப்பீர்கள். வந்தான், நடந்தது, தூங்கினாள், இறந்தார், இவற்றை "எதை" என்று கேட்டால் பதில் வராது. அப்படிப்பட்ட வினைக்கு இங்கிலீஷிலும் பேசிவ் கிடையாது. "ஆக்சிடெண்ட் வாஸ் ஹேப்பன்டு" என்று படித்தவர்களே எழுதுகிறார்கள், அதுவும் இதே தப்புதான்.

இதில் ஒரே ஓர் இடம் பிள்ளைகளை நிஜமாகவே குழப்பும். கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜனைப் பற்றி எழுதச் சொன்னால், 1887இல் பிறந்தார் என்பதற்கு "வாஸ் பார்ன்" என்று சரியாக எழுதிவிட்டு, அதே கையோடு 1920இல் "வாஸ் டைட்" என்று எழுதுவார்கள். நான் திருத்தித் திருத்தி ஓய்ந்த தப்பு இது. ஒன்றுக்கு "வாஸ்" போட்டால் மற்றதற்கும் போடவேண்டும் என்று பிள்ளைக்குத் தோன்றுவது நியாயம்தானே? ஆனால் "பார்ன்" என்பது சுமந்து பெறுதல் என்ற வினையின் மூன்றாம் வடிவத்திலிருந்து வந்தது. பிறக்கிற குழந்தை எதுவும் செய்வதில்லை, தாய்தான் பெறுகிறாள், அதனால் அது பேசிவ். இறப்பதை ஒருவர் தானாகத்தான் செய்தாக வேண்டும், அதனால் வெறும் "டைட்". இதைச் சொன்ன பிறகு எந்தப் பிள்ளையும் மறுபடி தப்பு விட்டதில்லை.


வெண்ணாற்றங்கரை எழுதியது:

டீச்சர், புழுங்கல் அரிசியை வைத்துச் சொன்னீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பிடிபட்டது. தினமும் எத்தனை பில்லில் "பாயில்ட்" என்று அடிக்கிறேன், இது அதுதான் என்று தோன்றியதே இல்லை. கையோடு இன்னொரு வரியும் கேட்டுவிடுகிறேன், பாலக்காட்டு மெயிலில் வந்தது: "த பேக்ஸ் சென்ட் ஆன் மண்டே வேர் டேமேஜ்டு." இதில் "சென்ட்"டுக்கு முன்னால் வாஸும் இல்லை வேரும் இல்லை. அப்படியென்றால் மூட்டைகள் எதையோ அனுப்பின என்றா அர்த்தம்?


ஐயாறு டீச்சர் எழுதியது:

நல்ல கேள்வி. "திங்கட்கிழமை அனுப்பிய மூட்டைகள் சேதமாகியிருந்தன." அந்த "சென்ட்" நம்முடைய பெயரெச்சம், "அனுப்பிய". வாக்கியத்தின் முற்று பின்னால் வருகிற "வேர் டேமேஜ்டு"தான்.

தமிழில் "கட்டிய" என்ற ஒரே எச்சம் இரண்டு பக்கமும் பொருந்தும். "ராஜராஜன் கட்டிய கோயில்" என்றும் சொல்லலாம், "கோயில் கட்டிய ராஜராஜன்" என்றும் சொல்லலாம். இங்கிலீஷில் இந்த மூன்றாம் வடிவம் வேலைக்கு ஆளான பொருளோடுதான் இப்படி ஒட்டும். "த டெம்பிள் பில்ட் பை ராஜராஜா" சரி. ராஜாவைச் சொல்ல வேண்டுமென்றால் "த கிங் ஹூ பில்ட் த டெம்பிள்" என்று "ஹூ" வேண்டும், அங்கே இருக்கிற "பில்ட்" சாதாரண இறந்தகாலம். தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வரும், இங்கிலீஷில் கூடவே நாள், இடம், ஆள் எல்லாம் ஒட்டிக்கொண்டு வந்தால் பெயருக்குப் பின்னால் போய்விடும். நீளமான மெயில் வரி புரியவில்லை என்றால் முதலில் முற்றைத் தேடுங்கள், மற்றதெல்லாம் எச்சம்.


குடந்தை நர்ஸ் எழுதியது:

டீச்சர் சொன்னது அத்தனையும் சரி, ஆனால் ஒரு விஷயத்தை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். விளக்கம் புரிந்தாலும் அந்த மூன்றாம் வடிவம் வாயில் வரவில்லை என்றால் எழுத முடியாது. நான் கும்பகோணத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ், வெளிநாட்டு வேலைக்காக ஓ.இ.டி. என்கிற, மருத்துவத் துறையினருக்கான இங்கிலீஷ் பரீட்சைக்குப் படித்தேன். அதில் எழுத்துத் தேர்வே ஒரு கடிதம்தான், நோயாளியை அடுத்த மருத்துவருக்கோ நர்ஸுக்கோ ஒப்படைக்கிற மாதிரி எழுத வேண்டும். பேசிவ் இல்லாமல் அந்தக் கடிதத்தில் நாலு வரி நகராது. "ஷீ வாஸ் அட்மிட்டட்", "வாஸ் கிவன்", "வாஸ் டேக்கன் ஃபார் ஸ்கேன்", "வாஸ் டிஸ்சார்ஜ்டு". ஆரம்பத்தில் நான் "வாஸ் கேவ்", "வாஸ் டுக்" என்றுதான் எழுதினேன். எனக்குக் காரணம் தெரியும், வடிவம் தெரியாது.

பள்ளிக்கூடத்து அட்டவணை அகர வரிசையில் இருக்கும், அப்படிப் படித்தால் தலையில் நிற்காது. நான் பழைய தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஓசையை வைத்துக் கூட்டம் கூட்டமாக எழுதி அடுப்படியில் ஒட்டினேன். கட், புட், ஷட், ஹர்ட் எல்லாம் மூன்று வடிவத்திலும் மாறாதவை, அவை ஒரு தாள். கீப் கெப்ட் கெப்ட், ஸ்லீப் ஸ்லெப்ட் ஸ்லெப்ட் ஒரு தாள். பிரிங் பிராட் பிராட், பை பாட் பாட், டீச் டாட் டாட் ஒரு தாள். சிங் சாங் சங், டிரிங்க் டிராங்க் டிரங்க், பிகின் பிகேன் பிகன், இவை "ஆ"விலிருந்து "அ"வுக்குக் குறையும், பாட்டு மாதிரி சொல்லலாம். அப்புறம் கடைசியில் "ன்" வருகிற கூட்டம், ரைட் ரோட் ரிட்டன், டேக் டுக் டேக்கன், பிரேக் புரோக் புரோக்கன், ஸ்பீக் ஸ்போக் ஸ்போக்கன். இதை மறக்கவே முடியாது, ஏனென்றால் நம் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் "ஸ்போக்கன் இங்கிலீஷ்" என்று ஒரு போர்டு இருக்கும். கம் கேம் கம், ரன் ரேன் ரன், இரண்டும் போய்விட்டுத் திரும்பி வீட்டுக்கே வருகிறவை, தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. "ஹேஸ்"ஸுக்குப் பின்னாலும் இதே மூன்றாம் வடிவம் வரும், அது பேசிவ் ஆகாது. "ஷீ ஹேஸ் கிவன்" என்றால் அவள் கொடுத்திருக்கிறாள். "ஷீ ஹேஸ் பீன் கிவன்" என்றால் அவளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். நடுவில் "பீன்" இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மருந்து விஷயத்தில் இதைத் தப்பாகப் படித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு நோயாளிக்கு ஊசி போட்டாயிற்றா இல்லையா என்பதே அந்த "பீன்"னில் இருக்கும். டூட்டி மாறும்போது நான் இன்றைக்கும் அந்த வரியில் விரலை வைத்துத்தான் படிக்கிறேன்.


அரசலாறு எழுதியது:

ரொம்ப நாளாக இருக்கிற சந்தேகம். கடைக் கதவில் மூடியிருந்தால் "க்ளோஸ்டு" என்று போர்டு, திறந்திருந்தால் "ஓபன்" என்று மட்டும்தான் போர்டு. ஏன் "ஓபன்ட்" இல்லை?


ஐயாறு டீச்சர் எழுதியது:

"ஓபன்" என்பது திறந்த நிலையைக் குறிக்கிற பெயரடையாகவும் அப்படியே இருக்கிறது, அதனால் நிலையைச் சொல்ல அதற்கு வால் வேண்டாம். மூடிய நிலைக்கு அப்படி ஒரு தனிச்சொல்லாக "க்ளோஸ்" வராது, அது பக்கத்தில் என்று வேறு அர்த்தம் ஆகிவிடும், அதனால் "க்ளோஸ்டு". ஆனால் திறக்கிற செயலைச் சொன்னால் வால் வந்துவிடும். "த ஷாப் இஸ் ஓபன்" கடை திறந்திருக்கிறது. "த ஷாப் வாஸ் ஓபன்ட் அட் நைன்" ஒன்பது மணிக்குத் திறந்தார்கள்.


கொள்ளிடக்கரை விவசாயி எழுதியது:

இவ்வளவு நல்ல விளக்கத்துக்கு நடுவில் வேறு ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். பேசிவை எங்கே போடக்கூடாது என்பதையும் யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒரு வருஷம் சம்பா கதிர் வருகிற நேரத்தில் மழை பிடித்து வயல் முழுக்க மூழ்கிப்போனது. பயிர்க் காப்பீட்டுக்கு விண்ணப்பித்தேன். ஆறு மாதம் கழித்து ஒற்றை வரியில் இங்கிலீஷ் கடிதம் வந்தது, "யுவர் க்ளெய்ம் ஹேஸ் பீன் ரிஜெக்டட்." நிராகரித்தது யார், எந்தத் தேதியில், எந்தக் காரணத்தால்? ஒன்றுமே இல்லை. அந்த வாக்கியத்தில் ஆளே இல்லை தம்பி. கேள்வி கேட்க எந்த மேசைக்குப் போவது என்று தெரியாமல் நாலு அலுவலகம் ஏறி இறங்கினேன்.

தமிழ்க் கடிதத்திலும் இதே கதைதான், "பரிசீலிக்கப்படும்", "ஆவன செய்யப்படும்". "மேட்டூரில் தண்ணீர் திறந்தார்கள்" என்பதில் ஆளைச் சொல்லாதது வேறு, அங்கே எல்லோருக்கும் தெரியும். 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்தார்கள், அதையும் "வாஸ் டிக்ளேர்டு" என்று எழுதலாம், சட்டம் போடுவது அரசாங்கம் என்று யாருக்கும் தெரியும். ஆனால் பொறுப்பு ஏற்க வேண்டிய இடத்தில் ஆளை எடுத்துவிட்டால் எதிரில் இருப்பவன் சுவரோடுதான் பேச வேண்டியிருக்கும். நான் மறுபடி எழுதிய கடிதத்தில் பேசிவே போடவில்லை. யார் வயலைப் பார்த்தார், யார் கையெழுத்துப் போட்டார் என்று நேராகக் கேட்டேன். பெயரோடும் காரணத்தோடும் பதில் வந்தது. பணம் முழுதாக வரவில்லை, ஆனால் பதில் வந்தது.

அதனால் அந்த 20 சிப்பம் விஷயத்தில் நீங்கள் அவர்களுக்கு என்ன எழுதினீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.


ஐயாறு டீச்சர் எழுதியது:

ஐயா சொல்வது முழுக்க நியாயம். "பை" போட்டு ஆளைச் சொல்வதும் அதற்காகத்தான். பெரிய கோயிலைக் கட்டியது யார் என்பது சொல்லத் தகுந்த செய்தி, அதனால் "வாஸ் பில்ட் பை ராஜராஜா". 1010இல் கட்டி முடித்தார்கள் என்று மட்டும் சொல்ல வேண்டுமானால் "வாஸ் கம்ப்ளீட்டட் இன் 1010" போதும், ஆள் வேண்டாம். ஒவ்வொரு வாக்கியத்திலும் "பை" வந்தே ஆக வேண்டும் என்று பரீட்சைக்காகப் பழக்கிவிட்டோம். பேசிவ் எழுதும்போதெல்லாம் "செய்தது யார் என்று இங்கே சொல்ல வேண்டுமா" என்று ஒரு தடவை யோசித்துக்கொண்டால் போதும்.


வெண்ணாற்றங்கரை எழுதியது:

ஐயா, நான் அன்றைக்கு எழுதியது "20 பேக்ஸ் வாஸ் மிஸ்ஸிங்" என்று. இப்போது படிக்கும்போது எனக்கே சங்கடமாக இருக்கிறது, ஏதோ மூட்டைகள் தானாகக் காணாமல் போன மாதிரி இருக்கிறது. மீதி 20ஐ நாளைக்கு அடுத்த லோடோடு அனுப்புகிறோம், அதற்கு இன்றைக்கு ஒரு மெயில் போட வேண்டும். எழுதிவிட்டேன், திருத்திக்கொடுங்கள்.

"டியர் சார், யூ வேர் சென்ட் 180 பேக்ஸ் இன்ஸ்டெட் ஆஃப் 200. வீ ஃபர்காட் டு லோட் 20 பேக்ஸ். இட் இஸ் அவர் மிஸ்டேக். த பேலன்ஸ் 20 பேக்ஸ் வில் பி சென்ட் டுமாரோ. த லாரி வில் பி ரீச்டு ஆன் ஃப்ரைடே. வீ ஹேவ் நாட் பீன் ரிசீவ்டு த பேமெண்ட் ஃபார் த ஃபர்ஸ்ட் லோட்."


குடந்தை நர்ஸ் எழுதியது:

"யூ வேர் சென்ட்" பார்த்ததுமே சந்தோஷமாக இருந்தது தம்பி, எந்த வரியில் தடுமாறினீர்களோ அதே வரியை நீங்களே எழுதிவிட்டீர்கள். "வீ ஃபர்காட்" என்று நேராக எழுதியதும் நல்லது, அதை மாற்றாதீர்கள்.

கடைசி இரண்டு வரி மட்டும். லாரி தானாகத்தான் போகிறது, அதனால் "த லாரி வில் ரீச் யூ ஆன் ஃப்ரைடே". பணம் விஷயத்தில் "பீன்" மாட்டிக்கொண்டது. வாங்க வேண்டியது நீங்கள், அதனால் "வீ ஹேவ் நாட் ரிசீவ்டு த பேமெண்ட்", பீன் வேண்டாம். பணத்தை முதலில் வைத்தால் "த பேமெண்ட் ஹேஸ் நாட் பீன் ரிசீவ்டு", அப்போது வேண்டும்.

ஆனால் 20 மூட்டை குறைந்ததற்கு வருத்தம் சொல்கிற மெயிலிலேயே பணத்தைக் கேட்க வேண்டுமா? அந்த வரியை எடுத்துவிட்டு, வெள்ளிக்கிழமை சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு தனியாகப் போடுங்கள்.


வெண்ணாற்றங்கரை எழுதியது:

சரி அக்கா, எடுத்துவிட்டேன். மெயில் போயாச்சு. மூட்டையை இப்போதுதான் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள், "ஆர் பீயிங் லோடட்". இந்தத் தடவை நானே பக்கத்தில் நின்று எண்ணுகிறேன்.